பொன்னாத்தாவின் கால்ஷீட்

(வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். மின்விசிறிச் சத்தத்தைத் தாண்டி என் குரல் கேட்கிறதா? கடைசி வரிசையில் தலையாட்டுகிறார்கள், சரி.

எனக்குக் கொடுத்திருக்கும் தலைப்பு 'திரையில் பெண்கள்'. தலைப்பு பெரியது, எனக்குத் தெரிந்தது கொஞ்சம். மெகா சீரியல்களில் 11 வருஷம் உதவி இயக்குநராக இருந்தவன் நான். முதல் சில வருஷங்களில் என் கையில் இருந்தது கண்டின்யூட்டி நோட்டுதான். யார் என்ன சேலை, எந்தப் பொட்டு, தலையில் பூ இருந்ததா, அழுத முகமா கழுவிய முகமா என்று எழுதி வைக்கிற வேலை. ஒருநாள் கோட்டை விட்டேன். அம்மா வேஷம் போடும் ஒரு மூத்த நடிகை கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வர வேண்டும். வீட்டுக்குள் எடுத்தது போன வாரம், தெருவில் எடுப்பது இந்த வாரம். எல்லாம் சரியாக இருக்கிறது என்று நான் தலையாட்டிவிட்டேன். கேமரா ஓடப் போகிற நேரத்தில் அவர் கையைத் தூக்கிக் காட்டினார். "தம்பி, இடது கையில ரெண்டு வளையல் குறையணும். சண்டையில உடைஞ்சுதே, மறந்துட்டீங்களா?"

நடுவில் அந்த அம்மா வேறு இரண்டு சீரியல்களுக்குப் போய் வந்திருந்தார். ஒன்றில் பணக்கார மாமியார், இன்னொன்றில் இட்லிக் கடைக்காரி. அத்தனைக்கும் நடுவில் ரெண்டு கண்ணாடி வளையலை ஞாபகம் வைத்திருந்தார். நடிப்பைப் பற்றிப் பேசும்போது நாம் கண்ணைப் பேசுகிறோம், குரலைப் பேசுகிறோம். இந்த வளையலைப் பேசுவதே இல்லை. இன்றைக்கு அதைத்தான் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

எல்லோருக்கும் தெரிந்த ஒரு நடிகையை எடுத்துக்கொள்கிறேன். வடிவுக்கரசி. 1978இல் பாரதிராஜாவின் 'சிகப்பு ரோஜாக்கள்' படத்தில் சின்ன வேஷம். அடுத்த வருஷமே 'கன்னிப் பருவத்திலே' படத்தில் கதாநாயகி. ராஜேஷ் நாயகன், பாக்யராஜ் வில்லன். கிராமத்துப் பெண்ணாக அவரைப் பார்த்தவர்கள் இனி இப்படியே நாலைந்து வருஷம் ஓட்டுவார் என்றுதான் நினைத்திருப்பார்கள். தமிழ் சினிமாவில் கதாநாயகியின் ஆயுசு அவ்வளவுதான். அதற்குள் கல்யாணம், அல்லது காணாமல் போவது.

1985இல் 'முதல் மரியாதை'. சிவாஜிக்கு மனைவி, பேர் பொன்னாத்தா. சிவாஜி 1928இல் பிறந்தவர். வடிவுக்கரசி அப்போது முப்பதைத் தொடவில்லை. மகளைக் கட்டிக்கொடுத்த தாய், வாய் ஓயாமல் புருஷனைக் கரித்துக் கொட்டுகிறவள். படம் பார்க்கிற அத்தனை பேரும் இவளைத் திட்ட வேண்டும், திட்டினால்தான் சிவாஜி ராதாவின் குடிசை வாசலில் போய் நிற்பதற்கு நாம் சம்மதிப்போம். அதாவது, படத்தின் காதல் முழுக்க இந்தம்மாவின் வெறுப்பின் மேல் ஏறி நிற்கிறது. அழகாகத் தெரிய ஒரு ஷாட் கூடக் கேட்காமல் அவர் அந்தப் பாரத்தைத் தாங்கியிருக்கிறார். இன்னொரு தடவை படம் பார்க்கும்போது ராதாவை விட்டுவிட்டு பொன்னாத்தாவை மட்டும் பாருங்கள். மாமன் மானத்தைக் காப்பாற்றுவதற்காக, வேறொருவன் பிள்ளையைச் சுமந்தவளைக் கட்டிக்கொண்ட மனுஷன் சிவாஜி என்று கதை பின்னால் சொல்கிறது. அது தெரிந்த பிறகு அவளுடைய ஏச்சு வேறு மாதிரி காதில் விழும். காலம் பூரா ஒருவருக்கு நன்றிக்கடன் பட்டுக் கிடப்பவள், தன்மேல் பரிதாபப்பட்டவனை எப்படி மன்னிப்பாள்? இது என் வாசிப்பு. ஒத்துக்கொள்ளாதவர்கள் டீ இடைவேளையில் சண்டைக்கு வரலாம்.

வயதுக் கணக்குக்கு வருகிறேன். நம்ம சினிமாவில் இந்தக் கணக்கைப் போல் வேடிக்கை எதுவும் இல்லை. 1997இல் 'அருணாச்சலம்'. ரஜினிக்குப் பாட்டி வடிவுக்கரசி. ரஜினியைவிட வயதில் சின்னவர், நரைமுடி வைத்துக்கொண்டு பாட்டியாக நின்றார். பத்து வருஷம் கழித்து, 2007இல் 'சிவாஜி'. அதே ரஜினிக்கு இப்போது அம்மா. பத்து வருஷத்தில் பாட்டியிலிருந்து அம்மாவாக இளமை திரும்பியிருக்கிறது! சிரிக்கிறீர்கள், சரிதான். கூடவே இதையும் கேளுங்கள். 1975இல் 'அபூர்வ ராகங்கள்', ரஜினியின் முதல் படம். அதில் ஸ்ரீவித்யாவை விட்டுப் போன கணவன் அவர். 1991இல் 'தளபதி' வந்தபோது அதே ஸ்ரீவித்யா அவருக்குத் தாய். சுஜாதா 1977இல் 'அவர்கள்' படத்தில் ரஜினிக்கு மனைவி, 1993இல் 'உழைப்பாளி'யில் அம்மா. ரஜினி அங்கேயே நிற்கிறார், கூட நடித்த பெண்கள் மட்டும் வண்டி மாறி வண்டி மாறி வயதாகிப் போகிறார்கள். இதில் ரஜினியை மட்டும் சொல்லிக் குற்றமில்லை, கமலுக்கும் இதே கதைதான். 'அபூர்வ சகோதரர்கள்' பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இது அநியாயமா என்றால் அநியாயம்தான். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த நரைமுடியை இருபதுகளிலேயே வாங்கி வைத்துக்கொண்டதால்தான் வடிவுக்கரசிக்கு நாற்பது வருஷம் வேலை இருந்தது. கூட வந்த நாயகிகள் 'எனக்கு அம்மா வேஷமா' என்று கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில் இவர் கால்ஷீட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் டிவி வந்தது. சென்னைத் தொலைக்காட்சி 1975லிருந்தே இருக்கிறது, ஆனால் தினமும் ஓடும் சீரியல் ஒரு தொழிலாகக் கெட்டிப்பட்டது தனியார் சேனல்கள் வந்த பிறகுதான். 1999 டிசம்பரில் ராதிகாவின் 'சித்தி' சன் டிவியில் தொடங்கியது. ராதிகா 1978இல் 'கிழக்கே போகும் ரயி'லில் வந்தவர், வடிவுக்கரசி வந்த அதே வருஷம். ஆனால் அவர் போன வழி வேறு. கம்பெனியே அவருடையது. அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே, வாணி ராணி என்று வரிசையாகத் தானே தயாரித்து, தானே மையமாக நின்றார். கால்ஷீட் கேட்கும் இடத்துக்குப் போய் உட்கார்ந்துவிட்டார். எல்லோருக்கும் அந்த வழி திறக்காது. மற்றவர்களுக்கு மேனேஜரின் போன் வந்தால்தான் வேலை.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று கொஞ்சம் சொல்கிறேன். சம்பளம் நாள் கணக்கு. காலையில் ஒன்பது மணிக்கு மேக்கப் போட்டு உட்கார்ந்தால் முதல் ஷாட் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரலாம். வசனம் முந்தின நாள் கைக்கு வராது. அன்றைக்குக் காலையில்தான் வரும், சில நாள் சீன் எடுக்கும்போது சுடச்சுட வரும். நாங்கள் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று வசனத்தை எடுத்துக்கொடுத்து ப்ராம்ப்ட் பண்ணுவோம், அவர்கள் காதில் வாங்கிக்கொண்டே கண்ணில் தண்ணீர் விடுவார்கள். அதற்குப் பிறகு ரியாக்‌ஷன். எதிரே ஆளே இருக்காது. சுவரில் நான் கையை வைத்து, "அம்மா, இதுதான் உங்க மருமக" என்பேன். என் உள்ளங்கையைப் பார்த்து அதிர்ச்சி, என் உள்ளங்கையைப் பார்த்து ஆத்திரம், என் உள்ளங்கையைப் பார்த்துப் பாசம். வீட்டில் நீங்கள் மூன்று தடவை ஜூம் அடித்துப் பார்க்கிறீர்களே, அது முழுக்க என் கை.

சேலை பல யூனிட்டுகளில் அவரவர் பாடு. போன சீரியலில் கட்டியதை இதில் கட்டினால், "அது அந்தப் பாக்கியம் சேலைதானே" என்று பார்க்கிற அக்காக்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். மூன்றாவது வரிசையில் ஒருவர் சிரிக்கிறார், அவர் கண்டுபிடித்திருக்கிறார் போல.

பாக்கியம் என்றதும் ஞாபகம் வருகிறது. 2007லிருந்து 2013 வரை ஓடிய 'திருமதி செல்வம்' தொடரில் வடிவுக்கரசிக்கு அந்தப் பேர்தான். ஒரு சினிமாவில் ஒரு பாத்திரம் ரெண்டரை மணி நேரம் வாழும். இது ஐந்து வருஷத்துக்கு மேல் தினமும் நம் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்த பாத்திரம். இன்றைக்கு நல்லவள், ரேட்டிங் இறங்கினால் அடுத்த வாரம் கெட்டவள். நடிக்கிறவரைக் கேட்டு இது மாறாது. சினிமாக்காரர்கள் சீரியல் நடிப்பை மட்டமாகப் பேசும்போது எனக்குக் கோபம் வருவது இதனால்தான். ஆறு மாதம் கதையைப் படித்து, ஒத்திகை பார்த்து நடிப்பவரும், நாளைக்குத் தன் பாத்திரம் என்ன செய்யும் என்றே தெரியாமல் இன்றைக்கு நம்பும்படி நடிப்பவரும் ஒரே தராசில் நிற்க முடியாது. இரண்டாவது ஆளுக்கு மார்க் கூடப் போடலாம்.

பிடிமானம் ஒன்றும் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும். ட்ராக்கை, அதாவது அந்தப் பாத்திரத்தின் கதைப் பகுதியை, வெட்டினால் நாள் போச்சு, நாள் போனால் சம்பளம் போச்சு. 2020 மார்ச்சில் கொரோனாவால் படப்பிடிப்பு மொத்தமாக நின்றது. சேனல்கள் பழைய சீரியலைத் திரும்பப் போட்டன. மறுபடி தொடங்கியபோது பெங்களூரிலும் கேரளாவிலும் மாட்டிக்கொண்ட நடிகைகள் பலரால் வர முடியவில்லை. திரையில் ஒரு வரி ஓடியது: 'இனி இவருக்குப் பதில் இவர்'. நாம் தோசையைத் திருப்பிப் போடுவதற்குள் ஒருத்தியின் வேலை போய் இன்னொருத்திக்கு வந்துவிட்டது. அந்த வரியை டைப் அடித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். அன்றைக்கு இரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அதற்காக அடுத்த நாள் வேலைக்குப் போகாமலும் இல்லை.

வடிவுக்கரசி விஷயத்தை முடித்துவிடுகிறேன். 2019இல் சீனு ராமசாமியின் 'கண்ணே கலைமானே' வந்தது. உதயநிதிக்கு அப்பத்தா. 'முதல் மரியாதை'யில் கூட்டியெடுத்த வயதை இதில் கூட்ட வேண்டியிருக்கவில்லை, வயதே வந்து சேர்ந்திருந்தது. குரலை உயர்த்தாமல் ஒரு வீட்டையே ஆளுகிற கிழவி. கத்தித் தீர்த்த பொன்னாத்தாவைப் பார்த்துவிட்டு இந்த அப்பத்தாவைப் பார்த்தால், நடுவில் ஓடிய 34 வருஷத்தில் எதை எதைக் குறைத்துக்கொண்டார் என்று தெரியும்.

நேரம் ஆகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். வளையலை ஞாபகம் வைத்திருந்தாரே, அந்த அம்மாவைப் பற்றி இன்னும் ஒன்று. கதையில் அவருக்கு விபத்து நடந்து கோமாவில் படுக்க வேண்டும். ஆஸ்பத்திரி செட், மூக்கில் குழாய், நெற்றியில் கட்டு. அவரைச் சுற்றி நின்று பிள்ளைகள், மருமகள்கள் எல்லோரும் அழுவார்கள், சண்டை போடுவார்கள். அவருக்கு ஒரு வசனமும் கிடையாது, கண்ணைத் திறக்கக் கூடாது, மூச்சு சீராக இருக்க வேண்டும். ஒரு நாள், ரெண்டு நாள் போனது. மூன்றாம் நாள் லைட்டிங் மாற்றுவதற்காக எல்லோரும் வெளியே போயிருந்தார்கள். நான் போர்வையைச் சரிசெய்ய கிட்டே போனேன். கண்ணைத் திறக்காமலே, உதடு மட்டும் அசைய, மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, நான் எத்தனாம் தேதி கண்ணு முழிக்கிறேன்? இன்னொரு கம்பெனி டேட் கேக்குறாங்க."