பத்துக்கு எத்தனை பொருத்தம்?

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் ஒரு சாயங்காலம். வடபழனியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் கடையில் ஒரு தம்பி வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு படங்களில் உதவி இயக்குநராக வேலை பார்த்தவர். விருகம்பாக்கத்தில் இன்னும் மூன்று பேரோடு ஓர் அறையில் தங்கியிருக்கிறார். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டே, குடிக்காமல், கைப்பேசியை என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

"சார், ஆறு வந்திருக்கு. இது பாஸா, ஃபெயிலா?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. தன் திரைக்கதையை ஆங்கிலத்தில் மாற்றி, காசு கட்டினால் படித்து மதிப்பெண் போடும் ஒரு தளத்துக்குக் கொடுத்திருக்கிறார். மொத்தத்தில் பத்துக்கு 6. அதன் கீழே கருவுக்கு 7, கதையோட்டத்துக்கு 6, பாத்திரங்களுக்கு 6, வசனத்துக்கு 4. அப்புறம் ஒரு பக்கத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கருத்துரை. தம்பி கருத்துரையை ஒழுங்காகப் படிக்கவே இல்லை. மூன்று நாளாக அந்த 6-ஐத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

டீ ஆறிப்போனது. அன்றைக்கு அவரிடம் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இன்று உங்களிடம் பேசுகிறேன்.

திரைக்கதைக்கு மதிப்புரை எழுதுவது புது வேலை இல்லை. ஹாலிவுட்டில் ஸ்டுடியோவுக்கு வந்து குவியும் கதைகளைப் படிக்கவே சம்பளத்துக்கு ஆள் உண்டு. ரீடர் என்பார்கள். அவர் முழுவதையும் படித்து, கதைச் சுருக்கமும் தன் கருத்தும் எழுதி, கடைசியில் மூன்றில் ஒன்றைப் போடுவார்: வேண்டாம், யோசிக்கலாம், எடுக்கலாம். அதற்குக் கவரேஜ் என்று பெயர். அது மேலே இருப்பவர் நேரத்தை மிச்சப்படுத்த எழுதப்படும் காகிதம். எழுதியவர் கண்ணில் பெரும்பாலும் படவே படாது. இப்போது வந்திருக்கும் சேவைகளில் வேலை கிட்டத்தட்ட அதேதான். காசு கொடுப்பவர்தான் மாறிவிட்டார். முன்பு தயாரிப்பாளர் கொடுத்தார், இப்போது எழுதுகிறவர் கொடுக்கிறார்.

இதில் பிளாக் லிஸ்ட் என்ற பெயரை நம் பையன்கள் அடிக்கடி சொல்வார்கள். 2005-இல் ஃபிராங்க்ளின் லெனார்ட் என்பவர், ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் கதை தேடும் வேலையில் இருந்தவர், தன்னைப் போன்ற சுமார் 75 பேருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். இந்த ஆண்டு படித்ததில், இன்னும் படமாகாததில், உங்களுக்குப் பிடித்த கதைகள் எவை என்று கேட்டார். பதில்களைத் தொகுத்துத் திருப்பி அனுப்பினார். அது ஆண்டுதோறும் வரும் பட்டியலாகிவிட்டது. அதில் மதிப்பெண் கிடையாது, எத்தனை பேருக்குப் பிடித்தது என்ற எண்ணிக்கை மட்டும்தான் உண்டு. எழுதியவர் ஒரு பைசா கட்டவில்லை.

2012-இல் அதே பெயரில் ஓர் இணையதளச் சேவையும் வந்தது. உங்கள் கதையை அங்கே வைத்திருக்க இப்போது மாதம் 30 டாலர், ஒருவர் படித்து மதிப்பெண் போட 100 டாலர். இரண்டும் சேர்ந்து நம் காசுக்கு 11,000 ரூபாயைத் தாண்டும். பத்துக்கு 8 வாங்கினால் அடுத்த வாசிப்புகள் இலவசமாகக் கிடைக்கும், தொழிலில் இருப்பவர்கள் கண்ணிலும் படும். பட்டியல் வேறு, சேவை வேறு. "பிளாக் லிஸ்ட்ல என் கதை இருக்கு சார்" என்று யாராவது சொன்னால், எந்த லிஸ்ட் தம்பி என்று கேட்டுக்கொள்வது நல்லது. கல்யாண வீட்டில் கையைப் பிடித்து அழைத்துப்போய்ப் பந்தியில் உட்காரவைப்பதும் உண்டு, மெஸ்ஸில் டோக்கன் வாங்கி உட்காருவதும் உண்டு. இரண்டு இடத்திலும் இலை போடுவார்கள். சாப்பாடும் இரண்டிலும் நன்றாக இருக்கலாம். ஆனால் மெஸ்ஸிலிருந்து வந்து "எனக்குப் பந்தியில் மரியாதை" என்று ஊரில் சொல்ல முடியாது.

இது ஏமாற்று வேலை என்று நான் சொல்லவரவில்லை. ஆஸ்கர் விருது கொடுக்கும் அகாடமி 1986-லிருந்து நிக்கோல் ஃபெலோஷிப் என்று புதிய திரைக்கதையாசிரியர்களுக்கு உதவித்தொகை தருகிறது. அவர்களே 2025-இல் நேரடி விண்ணப்பத்தை நிறுத்திவிட்டு, பல்கலைக்கழகங்கள், பயிலரங்குகள், பொதுமக்களுக்கு இந்த பிளாக் லிஸ்ட் தளம் என்று வழியை மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவில் யாரையும் தெரியாத ஒருவருக்கு அது ஒரு கதவுதான். சாலிகிராமத்தில் இருக்கும் நமக்கு அந்தக் கதவு எந்தத் தெருவில் திறக்கிறது என்பதுதான் கேள்வி.

சரி, அந்தப் பத்துக்கு வருவோம். பத்து என்ற கணக்கு நமக்குப் புதிதா என்ன? பெண் பார்க்கும்போதே "பத்துக்கு எட்டுப் பொருத்தம்" என்கிற ஊர் இது. ஆனால் வீட்டுப் பெரியவர்கள் எட்டைக் கேட்டதும் தாம்பூலம் மாற்றிவிட மாட்டார்கள். "ரஜ்ஜு இருக்கா?" என்பார்கள். ஒன்பது பொருந்தி ரஜ்ஜு இல்லையென்றால் ஜாதகத்தை மடித்து வைத்துவிடுவார்கள். ஆறே பொருந்தி, ரஜ்ஜுவும் இருந்து, பையனுக்குப் பெண்ணைப் பிடித்துவிட்டால் அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம். ஜாதகத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை, அது வேறு விஷயம். ஆனால் எண்ணைப் படிக்கும் விதம் அந்தப் பெரியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

திரைக்கதை மதிப்பீட்டிலும் இதே கதைதான். பிளாக் லிஸ்ட் போன்ற இடங்களில் மொத்த மதிப்பெண், உட்பிரிவுகளின் சராசரி இல்லை. வாசிப்பவர் அதைத் தனியாகப் போடுகிறார். எல்லாவற்றிலும் 7 வாங்கி மொத்தத்தில் 6 வரலாம். "குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இதை இன்னொருவரிடம் நான் நீட்டமாட்டேன்" என்பது அந்த 6-க்கு அர்த்தம். அதுதான் ரஜ்ஜு.

நானும் மதிப்பெண் போட்டவன். சென்னையில் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் மூன்று வருஷம் கதை படிக்கும் வேலை பார்த்தேன். ஸ்பைரல் போட்ட கட்டுகள் ஒரு பீரோ நிறைய இருக்கும். இடது பக்கம் காட்சி, வலது பக்கம் வசனம் என்று பழைய முறையில் எழுதியவை பாதி, கம்ப்யூட்டர் மென்பொருளில் அமெரிக்க முறையில் அடித்தவை பாதி. ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று ஒரு நோட்டில் எழுதி, பக்கத்தில் நாலு வரி குறிப்பு வைக்கவேண்டும்.

ஒரு சித்திரை மாதம், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, கரண்ட் இல்லாத நேரத்தில் ஒரு கதையைப் படித்தேன். தங்கைக்காக அண்ணன் பழிவாங்கும் கிராமத்துக் கதை. அந்த வாரத்தில் அது எனக்கு மூன்றாவது பழிவாங்கல். 4 போட்டேன். ஒன்றரை வருஷம் கழித்து வேறொரு கதை வந்தது. நல்ல மழைநாள், காலையில் உட்கார்ந்து ஒரே மூச்சில் படித்தேன். 7 போட்டு, "கவனிக்கவேண்டிய எழுத்து" என்றும் எழுதினேன். நோட்டை மூடப் போகும்போது கதாநாயகியின் பெயர் எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. பழைய பக்கங்களைப் புரட்டினேன். அதே கதை. தலைப்பும் அட்டையும் இரண்டு காட்சிகளும் மாறியிருந்தன. மற்றதெல்லாம் எழுத்துக்கு எழுத்து அதேதான்.

மேலாளரிடம் நான் இதைச் சொல்லவில்லை. வெட்கமாக இருந்தது. 4-ம் என் கையெழுத்து, 7-ம் என் கையெழுத்து.

ஆனால் இன்னொன்றையும் அந்த நோட்டில் பார்த்தேன். இரண்டு தடவையும் குறிப்பில் ஒரு வரி அப்படியே இருந்தது: இடைவேளைக்குப் பிறகு தங்கை கதையிலிருந்தே காணாமல் போகிறாள். 4 போட்ட அன்றும் அதே இடத்தில் இடறியிருக்கிறேன், 7 போட்ட அன்றும் அதே இடத்தில் இடறியிருக்கிறேன். என் எண் வெயிலுக்கும் மழைக்கும் மாறியது. இடறிய கல் அங்கேயேதான் கிடந்தது.

விடைத்தாள் திருத்தும் ஆசிரியர்களுக்கு இது தெரிந்த சங்கதி. அதனால்தான் சில தேர்வுகளில் ஒரே தாளை இரண்டு பேர் திருத்தி, வித்தியாசம் அதிகமானால் மூன்றாமவரிடம் கொடுக்கிறார்கள். விடைத்தாளுக்காவது விடைக்குறிப்பு உண்டு. கதைக்கு அதுவும் கிடையாது.

உள்ளே இருந்தவன் என்பதால் இன்னொரு ரகசியமும் சொல்கிறேன். 6 என்பது வாசிப்பவருக்குப் பாதுகாப்பான எண். 9 போட்டால் முதலாளி கூப்பிட்டு "இதுக்கா 9?" என்று கேட்பார். 2 போட்டால், நாளைக்கு அந்தக் கதை வேறு இடத்தில் படமாகி ஓடினால் அதற்கும் கேட்பார். 6 போட்டவனை யாரும் எதுவும் கேட்டதில்லை. தம்பியின் 6-ல் எத்தனை பங்கு அவர் கதைக்கு, எத்தனை பங்கு வாசித்தவரின் நிம்மதிக்கு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

இதற்கு மருந்தாகச் சிலர் செய்வது, திரும்பத் திரும்பக் காசு கட்டுவது. 5 வந்தது, மறுபடி கட்டினார், 6. மறுபடி கட்டினார், 5. ஐந்தாவது தடவை 8. மற்ற நான்கையும் மறைத்துவிட்டு 8-ஐ மட்டும் முகநூலில் போடுகிறார். நல்ல காலம் பிறந்துவிட்டது என்று சொல்லும் ஜோசியர் கிடைக்கும்வரை வீடு வீடாகப் போவதுபோல. கடைசி ஜோசியருக்கு மட்டும் கிரகங்கள் இடம் மாறி நின்றிருக்காது. அதே காசை வேறு விதமாகவும் செலவழிக்கலாம்: இரண்டே பேரிடம் கொடுத்து, இரண்டு பேரும் ஒரே பக்கத்தில் இடறியிருக்கிறார்களா என்று பார்க்கலாம். இடறியிருந்தால் அங்கே கல் இருக்கிறது. ஒருவர் மட்டும் இடறினால் அவர் செருப்பு வழுக்கியிருக்கலாம்.

தம்பியின் வசனத்துக்கு வந்த 4-ஐச் சொன்னேன் அல்லவா? அவரிடம் கைப்பேசியை வாங்கிக் கருத்துரையைப் படித்தேன். கதாநாயகனுக்கு உறவினர்கள் அதிகம், யார் யார் என்று புரியவில்லை என்று ஒரு வரி. எனக்கும் புரியவில்லை. கதையில் அவன் அனாதை. பிறகு ஆங்கிலப் பிரதியைத் திறந்து பார்த்தோம். பூக்காரியை "அக்கா" என்கிறான், மெக்கானிக்கை "அண்ணே" என்கிறான், வீட்டுக்காரரை "மாமா" என்கிறான். மொழிபெயர்த்த நண்பர் மூன்றையும் உறவாகவே மாற்றிவைத்திருக்கிறார். படித்தவர் பாவம், அனாதைக்கு ஒரு குடும்பத்தையே எண்ணிக்கொண்டு போயிருக்கிறார். கடையில் நின்றவர்களெல்லாம் திரும்பிப் பார்க்கும்படி இரண்டு பேரும் சிரித்தோம். அந்த 4, தம்பி எழுதிய வசனத்துக்கு வந்ததே இல்லை.

இந்த உரையையும் நான் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் பேசுகிறேன். நிலையத்தில் நிகழ்ச்சி பொறுப்பாளர் அதைப் படித்து, பென்சிலால் இரண்டு இடத்தில் ஓரமாகக் கோடு போட்டுக் கொடுத்தார். பத்துக்கு எத்தனை என்று போடவில்லை. கோடு போட்ட இரண்டையும் வெட்டிவிட்டேன். அதனால்தான் நீங்கள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

சென்னைக்கு வருவோம். இங்கே பக்கத்தை வைத்துக் கதை ஓகே ஆவது குறைவு. காதை வைத்துத்தான். ஒன்லைன் சொல்லவேண்டும். பிடித்தால் முழு நரேஷன், இரண்டரை மணி நேரம். பாட்டு எங்கே, இடைவேளை எங்கே என்று மூச்சுவிடாமல் நடித்துக் காட்டவேண்டும். எழுதிக் கட்டிய ஸ்கிரிப்ட்டைப் பல இடங்களில் அதற்குப் பிறகுதான் கேட்பார்கள். இத்தனை வருஷத்தில் எந்தத் தயாரிப்பாளரும், எந்தக் கதாநாயகனின் மேலாளரும் "உங்க கதைக்கு எங்கேயாவது எத்தனை மார்க் வந்துச்சு?" என்று என் எதிரில் கேட்டதில்லை. கேட்பதெல்லாம் "யார்கிட்ட ஒர்க் பண்ணினீங்க?" "பட்ஜெட் எவ்வளவு ஆகும்?" இவைதான். அந்த முறை நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். நன்றாக எழுதி, வாய் திக்குகிற எத்தனையோ பேர் இதில் காணாமல் போயிருக்கிறார்கள். அவர்களுக்கு எழுத்தைப் படித்து மதிப்பிடும் ஓர் இடம் தமிழிலேயே வேண்டும். இந்தி, ஆங்கிலம் என்று வழி உள்ளவர்களுக்கு தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகமான என்எஃப்டிசி 2007-லிருந்து திரைக்கதைப் பயிலரங்கு நடத்திவருகிறது. அங்கே மதிப்பெண்ணுக்குப் பதில் எதிரில் உட்கார்ந்து பேச ஆள் இருக்கிறார்.

ஆனால் நரேஷனிலும் ஒரு மதிப்பெண் உண்டு, கவனித்திருக்கிறீர்களா? எதிரில் உட்கார்ந்திருப்பவர் கை எந்த நிமிஷத்தில் கைப்பேசிக்குப் போகிறது? அதை நினைவில் வைத்துக்கொண்டு வெளியே வந்ததும் அந்தக் காட்சியின் எண்ணைக் குறித்துக்கொள்கிறவர்தான் அடுத்த தடவை நன்றாகச் சொல்கிறார்.

ஒரு சின்ன எச்சரிக்கை. காசு கட்டி மதிப்பெண் வாங்கியது கதை உங்களுடையது என்பதற்கு முழுப் பாதுகாப்பு ஆகாது. இங்கே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் உறுப்பினராகிக் கதையைப் பதிந்துவைக்கலாம். மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்திலும் 500 ரூபாய் கட்டணத்தில் பதியலாம். வெறும் கருவை மட்டும் பதிந்து பயனில்லை. கருத்துக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய வடிவத்துக்குத்தான் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978-லேயே சொல்லிவிட்டது. ஆகவே விரிவாக எழுதிப் பதியுங்கள்.

தம்பி போன ஞாயிற்றுக்கிழமை மறுபடி வந்தார். டீயைச் சூடாகவே குடித்தார். கருத்துரையில் முதல் திருப்பம் 31-ஆம் பக்கத்தில்தான் வருகிறது என்று இருந்ததை இப்போதுதான் உட்கார்ந்து படித்திருக்கிறார். முன்னால் 14 பக்கங்களை எடுத்துவிட்டாராம். "வலிச்சுது சார், அதுல ரெண்டு நல்ல காமெடி இருந்துச்சு" என்றார்.

"மறுபடி மார்க்குக்கு அனுப்பப் போறியா?"

"இல்ல சார். வியாழக்கிழமை ஒரு இடத்துல நரேஷன் இருக்கு. அதுக்கு முன்னாடி உங்களுக்கு ஒரு தடவை சொல்லணும். புதன்கிழமை சாயங்காலம் ஃப்ரீயா?"

ஃப்ரீதான் என்றேன். அறையில் மற்ற மூன்று பேரும் இருப்பார்களாம். என் கைப்பேசியை வெளியில் வைத்துவிட்டு வரவேண்டுமா என்று கேட்டேன்.

"வேணாம் சார், கையிலயே வெச்சுக்குங்க. எப்ப எடுக்கறீங்கன்னு பாக்கணும்."

வணக்கம்.