வினாக்கொத்தில் இல்லாத கட்டம்

இந்த மேடைக்கு மூன்று படி. இரண்டு தம்பிமார் என்னைச் சக்கரநாற்காலியோடு தூக்கி ஏற்றிவிட்டார்கள். நன்றி. இறக்கவும் நீங்கள்தான் வேண்டும், ஓடிவிடாதீர்கள்.

இயலாமை பற்றிய பல்கலைக்கழக ஆய்வுகள் குறித்துப் பேசக் கேட்டார்கள். நான் ஆய்வு செய்தவன் இல்லை, ஆய்வு செய்யப்பட்டவன். ஷெல் துண்டு முள்ளந்தண்டில் பட்ட நாளிலிருந்து எத்தனையோ வினாக்கொத்துகளுக்குப் பதில் சொல்லிவிட்டேன். அந்த அனுபவம் போதும் என்று நினைக்கிறேன்.

2001 குடிசன மதிப்பீட்டில், இலங்கையில் இயலாமையுடன் வாழ்பவர்கள் சுமார் 1.6 சதவீதம் என்று வந்தது. யாழ்ப்பாணம் அந்தக் கணக்கில் முழுமையாக இல்லை, யுத்தகாலம். 2012இல் 5 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதம், 16 இலட்சம் பேருக்கு மேல். பதினொரு வருடத்தில் நாடே முடமாகிவிட்டதா? யுத்தமும் ஒரு காரணம்தான். ஆனால் கேள்வியும் மாறியிருந்தது. பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், ஞாபகம் வைப்பதில் சிரமம் உண்டா என்று 2012இல் கேட்டார்கள்.

நம் ஊரில் அந்த வித்தியாசம் பெரியது. படலையில் நின்று “வீட்டில் ஊனமுற்றவர் யாரும் இருக்கினமோ?” என்று கேட்டுப் பாருங்கள். “எங்கட வீட்டில அப்பிடி ஒருத்தரும் இல்லை” என்பார் தகப்பன். மூத்த பிள்ளை உள்ளறையில் இருப்பாள். இளையவளுக்குக் கலியாணம் பேசுகிற நேரம், வேறென்ன சொல்வார்? அதையே “ஆருக்கும் நடக்கக் கஷ்டமோ?” என்று கேட்டால், முதலில் அப்பாச்சியின் முழங்கால் வரும். அப்புறம் மெல்ல அந்தப் பிள்ளையின் கதையும் வரும்.

சட்டத்துக்குக் குறைவில்லை. 1996இல் இயலாமையுடையோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம், 2006இல் அணுகல் வசதிக்கான ஒழுங்குவிதிகள், 2016இல் இயலாமையுடையோர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்துக்கு ஏற்புறுதி. நான் போக வேண்டிய ஓர் அலுவலகத்திலும் சாய்தளம் இருக்கிறது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அங்கே நாலடிதான். ஏறினால் நாற்காலி பின்பக்கம் கவிழும். அதுவும் ஏற முடிந்தால்தானே, எப்போதும் அதில் இரண்டு மோட்டார் சைக்கிள் நிற்கும். ‘சாய்தளம் உண்டா?’ என்று கேட்கிற ஆய்வில் அந்த அலுவலகத்துக்கு ‘ஆம்’ விழும்.

போன வருடம் ஒரு மாணவி வந்தாள். கெட்டிக்காரப் பிள்ளை. “ஐயா, வெளியில் போவதில் உங்களுக்குச் சிரமம் உண்டா?” என்றாள். “சிரமம் எனக்கில்லை, அந்தக் கட்டடத்துக்குத்தான் பிள்ளை” என்றேன். பேனையை வைத்துக்கொண்டு யோசித்தாள். ‘சிரமமில்லை’, ‘ஓரளவு’, ‘அதிகம்’, ‘முடியவே முடியாது’ என்று நாலு கட்டம். என் பதிலுக்குக் கட்டம் இல்லை. தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் நான் சொன்னதை அப்படியே எழுதினாள். அந்த ஒரு வரிக்காகவே அவளுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன்.

ஆய்வு முடிந்ததும் முடிவை வந்து சொல்கிறேன் என்று போன் நம்பரும் வாங்கிப் போனாள். இன்னும் அழைப்பு வரவில்லை. இந்த மண்டபத்தில் இருந்தால், பிள்ளை, அந்தப் பின்பக்கம் கணினியில் ஏறியதா என்று மட்டும் சொல்லிவிட்டுப் போ.