பாம்பன் காற்றில் ஒரு பேட்டரி வழக்கு

வணக்கம். மைக்கில் காற்று இரைந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். மண்டபத்தைத் தாண்டி, சாலைப் பாலம் ஏறுவதற்குச் சற்று முன்னால் நிற்கிறேன். கச்சான், அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று, அடிக்கும் காலம் இது. இன்றைக்குப் பேசப்போகும் விஷயத்தில் இந்தக் காற்றும் ஒரு கட்சிக்காரர்தான்.

கீழக்கரையில் இருக்கும் என் மைத்துனர் கார் வாங்கப்போகிறார். பெட்ரோல் என்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஹைபிரிட்தான் வேண்டும் என்கிறார். நான் மின்சாரக் கார் வைத்திருப்பவன். வீட்டு விசேஷம் எதுவானாலும் பந்தி முடிவதற்குள் எங்கள் வழக்கு ஆரம்பமாகிவிடும். "மாப்பிள்ளை, நீங்கள் கார் நிறையப் பேட்டரியைச் சுமந்துகொண்டு திரிகிறீர்கள். நான் பார்த்த காரில் இருப்பது இத்துனூண்டு பேட்டரி. அதுவே லிட்டருக்கு 28 கிலோமீட்டர் தருகிறதாம்" என்பார். சபையில் இருப்பவர்கள் அவர் பக்கம் சாய்ந்துவிடுவார்கள்.

அந்த இத்துனூண்டு பேட்டரியையே எடுத்துக்கொள்வோம். கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஹைபிரிட் கார்களில் இருப்பது சுமார் 0.76 யூனிட் பேட்டரி. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் இருக்கிறது. அப்படியானால் அந்தப் பேட்டரி முழுவதும் நிரம்பினாலும் ஒரு டம்ளர் பெட்ரோலுக்குக்கூட ஈடாகாது. சேமித்து வைப்பது அதன் வேலையே இல்லை. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்துக்கொள்ளும். புறப்படும்போதும் ஊர்ந்து போகும்போதும், அதாவது பெட்ரோல் என்ஜின் மிக மோசமாக வேலை செய்யும் நேரங்களில், அதைத் திருப்பிக் கொடுக்கும். முழுவதும் நிரப்பாமல், முழுவதும் காலி செய்யாமல் நடுவாந்தரமாகவே வைத்து ஓட்டுவதால் நீண்ட காலம் உழைக்கும். 1997-ல் ஜப்பானில் டொயோட்டாவின் ஹைபிரிட் காரான முதல் பிரியஸ் வந்ததிலிருந்து சூட்சுமம் இதுதான்.

நம் சாலைக்கு வாருங்கள். ராமநாதபுரத்திலிருந்து உச்சிப்புளி, மண்டபம் வழியாக ராமேஸ்வரம் சுமார் 55 கிலோமீட்டர். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. ஆடு குறுக்கே வந்தால்தான் பிரேக்கில் கால் போகும். பிரேக்கே பிடிக்காத சாலையில் பேட்டரி எதைப் பிடித்து வைக்கும்? இங்கே ஹைபிரிட் காரைக் காப்பாற்றுவது அதன் என்ஜின். அட்கின்சன் முறையில் ஓடும் அந்த என்ஜின் நல்ல நிலையில் எரிபொருளின் ஆற்றலில் 40 சதவீதம் வரை உழைப்பாக மாற்றுகிறது. சாதாரண பெட்ரோல் கார் பெரும்பாலும் அந்த அளவைத் தொடாது. மைத்துனர் இதைச் சொல்லி வாதாடினால் நான் வாயை மூடிக்கொள்வேன். அவரோ பேட்டரியைப் பற்றியே பேசுகிறார்!

மின்சாரக் கார் கணக்கு வேறு. 30 யூனிட் பேட்டரி என்றால் மூன்று லிட்டருக்குச் சற்று மேற்பட்ட பெட்ரோலின் ஆற்றல், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு நிதானமாக ஓட்டினால் 200 கிலோமீட்டர் போகிறது. மோட்டார் பத்தில் ஒன்பது பங்கை உழைப்பாகவே தந்துவிடுவதால்தான் இது நடக்கிறது.

இங்கேதான் கச்சான் வருகிறது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கத்தில் ஏறும். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிறீர்கள், எதிரே 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. உங்கள் காருக்கு அது 90. காற்றைக் கிழிக்க மட்டும் இரண்டே கால் மடங்கு ஆற்றல் வேண்டும். ராமேஸ்வரம் போகும்போது பின்னாலிருந்து தள்ளும் அதே காற்று, திரும்பி வரும்போது முகத்தில் அறையும். போகும்போது திரையில் காட்டிய தூரத்தை நம்பித் திரும்பும் பயணத்தைக் கணக்கிட்டால் உச்சிப்புளியில் வியர்க்கும். பெட்ரோல் காருக்கும் இதே அடிதான். ஆனால் அது எரிபொருளில் பெரும்பங்கை எப்போதும் சூடாகவே வெளியே விடுவதால் இந்த இழப்பு அதில் அமுங்கிவிடும். மின்சாரக் காரில் ஒளித்துவைக்க இடமில்லை, நேராக எண்ணில் தெரியும். அதைப் பார்த்துவிட்டு "பேட்டரி ஏமாற்றுகிறது" என்கிறார்கள். பேட்டரி பாவம்.

வெயிலுக்கு வருவோம். எனக்கு இதுதான் பெரிய விஷயம். லித்தியம் பேட்டரி ஓடினாலும் மூப்படையும், சும்மா நின்றாலும் மூப்படையும். சூடும் நிறைந்த சார்ஜும் சேர்ந்தால் மூப்பு வேகமெடுக்கும். நூறு சதவீதம் நிரப்பிவிட்டு ஏர்வாடி வெயிலில் நாள் முழுக்க நிறுத்திவைப்பது பேட்டரிக்குச் செய்யும் துரோகம். நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்த வகை எடைக்கு அதிக ஆற்றல் தரும், ஆனால் சூட்டுக்கு முன்னதாகவே மிரளும். இரும்பும் பாஸ்பேட்டும் சேர்ந்த வகை, எல்எஃப்பி என்பார்கள், 1997-ல் ஜான் குட்இனஃப் என்ற விஞ்ஞானியின் குழுவினர் அமெரிக்காவின் டெக்சாஸிலிருந்து வெளியிட்டது. கனம் கூடுதல், ஆனால் உள்ளே ஆக்சிஜன் பாஸ்பரஸுடன் இறுகப் பிணைந்திருப்பதால் எளிதில் தீயைக் கிளப்பாது. இந்தக் கடற்கரைக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது அதைத்தான். ஒரு சங்கடம் உண்டு: எல்எஃப்பியின் மின்னழுத்தம் நெடுநேரம் ஒரே மட்டத்தில் நிற்கும், எவ்வளவு மீதி என்று காருக்கே குழம்பும். அதனால் அவ்வப்போது முழுவதும் நிரப்பச் சொல்வார்கள். நிரப்புங்கள், ஆனால் விடிகாலையில் நிரம்பும்படி வைத்து, நிரம்பியதும் கிளம்பிவிடுங்கள்.

உப்பைச் சொல்லாமல் விட்டால் ஊர்க்காரன் இல்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தன் அரிப்புச் சோதனை நிலையத்தை இந்த மண்டபத்தில் வைத்திருக்கிறது என்றால் நம் காற்றின் யோக்கியதையைப் பார்த்துக்கொள்ளுங்கள். கேமராவை அருகில் கொண்டுவருகிறேன். கார் சார்ஜ் செய்யும் இந்த 15 ஆம்பியர் பிளக்கின் ஒரு காலைச் சுற்றிப் பழுப்பாக ஒரு வளையம் தெரிகிறதா? பித்தளையில் பச்சை பூத்து, தொடர்பு தளர்ந்து, சூடேறி, பிளாஸ்டிக் கருகியிருக்கிறது. மூடி முத்திரையிட்ட பேட்டரிக்குள் உப்பு அவ்வளவு சுலபமாகப் போகாது. அதன் தாக்குதல் இங்கே, இணைப்புகளில்தான். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை அழைத்துப் பார்த்துவிடுங்கள். அரிச்சல்முனையில் படம் எடுக்க அலைக்குள் காரை இறக்குகிறார்கள் சிலர். பேட்டரிக்குள் நீர் புகாது என்று தரும் ஐபி67 சான்று, ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி நேரம் வைத்துப் பார்க்கும் சோதனை. கடல்நீரில் குளிப்பாட்டலாம் என்று எவரும் எழுதிக்கொடுக்கவில்லை.

ஹைபிரிட் வாங்குபவர்களுக்கும் ஒன்று: பல மாடல்களில் இருக்கைக்கு அருகே சிறு சல்லடை இருக்கும். பேட்டரி மூச்சுவிடும் வழி அது. மணலும் துண்டும் பையும் அதை அடைத்துவிட்டால் பேட்டரி உள்ளேயே வெந்துபோகும்.

வாலிநோக்கத்தில் இவ்வளவு உப்பு விளைகிறதே, சோடியம் பேட்டரி வந்தால் நமக்கு யோகம்தானே என்று மைத்துனர் கேட்டார். சோடியத்துக்குப் பஞ்சமே வராது, தாமிரம் இல்லாமல் உள்ளே இரண்டு பக்கமும் அலுமினியத் தகடே போதும், விலை குறைய இடமிருக்கிறது. ஆனால் அதே எடைக்கு ஆற்றல் குறைவு. ஆட்டோவுக்கும் வீட்டில் சூரிய மின்சாரத்தைச் சேமிக்கவும் முதலில் வரட்டும்.

மைத்துனருக்கு என் தீர்ப்பு இது. சொந்தக் கொட்டகை இருக்கிறது, தினமும் ராமநாதபுரம் போய்வருகிறார்: எல்எஃப்பி மின்சாரக் கார். அவருடைய தம்பி வாடகைக் கார் ஓட்டுகிறார், நேரங்காலம் இல்லாமல் மதுரை விமான நிலையம் போகிறார்: ஹைபிரிட். தம்பி ஒப்புக்கொண்டார், அண்ணன் இன்னும் முறுக்கிக்கொண்டிருக்கிறார். தொண்டி, சாயல்குடி பக்கம் ஹைபிரிட் வைத்து எட்டு வருட உத்தரவாதத்தைக் கடந்தவர்கள் இருந்தால், அந்தச் சல்லடையைக் கழற்றிப் படம் எடுத்து அனுப்புங்கள். அவருக்குக் காட்ட வேண்டும்.