இருவரும் சேர்ந்து பார்க்க: மாயமும் விஞ்ஞானமும் கலந்த காதல் படங்கள்

(திரைப்படச் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, வாழ்த்துரை வழங்கிய நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, மண்டபத்தை வாடகை வாங்காமல் தந்ததோடு சாயங்காலம் முதல் வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருக்கும் பெரியவர் அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, மைக் செட் தம்பிகளே, ஜோடி ஜோடியாக வந்து அமர்ந்திருக்கும் அன்பு நெஞ்சங்களே, எல்லோருக்கும் வணக்கம். எனக்கு முன் பேசிய தமிழாசிரியர் ஐயா, தம் நேரத்தில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தார். மேடையில் அப்படிச் செய்ய எத்தனை பேருக்கு மனம் வரும்? நீங்கள் எனக்குப் போர்த்திய பொன்னாடையை அவருக்கே அணிவிக்க ஆசைப்படுகிறேன். ஐயா, எழுந்து வர வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மூன்று செய்திகள் சொல்ல வந்தேன். எந்தப் படங்களைப் பார்க்கலாம், மாயமும் விஞ்ஞானமும் காதலுக்கு ஏன் இவ்வளவு பொருந்துகின்றன, வெளிநாட்டுப் படங்களை இருவரும் சேர்ந்து ரசிக்க என்ன வேண்டும். ஒரு கை தட்டினால் ஓசை வராது என்று எங்கள் பாட்டி வார்த்தைக்கு வார்த்தை சொல்வார். படம் பார்ப்பதற்கும் அதுதான் கணக்கு. ஒருவர் பார்க்க, இன்னொருவர் பக்கத்தில் போனை நோண்டிக்கொண்டிருந்தால் அது சேர்ந்து பார்ப்பது ஆகாது.

முதலில் நம் வீட்டுச் சொத்து. 1957இல் கே.வி.ரெட்டி எடுத்த ‘மாயா பஜார்’. விரும்பியவரைக் காட்டும் பேழை ஒன்று அதில் வரும். சாவித்திரி அதைத் திறக்கிறார், எங்கோ இருக்கும் ஜெமினி கணேசன் அதற்குள் தெரிகிறார், இருவரும் பாடுகிறார்கள். இன்று நாம் வீடியோ காலில் செய்வதை அன்றைக்கே காதலுக்காகக் கற்பனை செய்துவிட்டார்கள். அப்புறம் 1963இல் ஏ.காசிலிங்கம் இயக்கிய ‘கலை அரசி’. பாட்டுச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமென்று வேற்றுக்கிரகத்தார் பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். மீட்கப் போகிறார் எம்.ஜி.ஆர். மனிதன் நிலவில் கால் வைத்தது 1969இல். அதற்கு ஆறு ஆண்டு முன்பே நம் கதாநாயகன் காதலுக்காக விண்வெளிக்குப் போய்விட்டான். தந்திரக் காட்சிகள் இன்றைய கண்ணுக்கு எளிமையாகத் தெரியலாம். இருந்தாலும் பாருங்கள்.

இனி ஏன் பொருந்துகிறது என்பது. சாதாரணக் காதல் படத்தில் குறுக்கே நிற்பவர் பெண்ணின் அப்பா, இல்லையென்றால் பணம், சாதி. இந்த வகைப் படத்தில் குறுக்கே நிற்பது காலம், மறதி. கல்யாணமாகிப் பல வருடம் ஆனவர்களுக்கு உண்மையான எதிரிகள் இவைதானே? 2020இல் வந்த ‘ஓ மை கடவுளே’யில் விவாகரத்துக்கு வந்து நிற்கும் கணவனுக்கு இன்னொரு வாய்ப்பு கிடைக்கிறது. படம் முடிந்ததும் “நமக்கு அப்படி ஒரு வாய்ப்பு கிடைத்தால்?” என்று ஒருவரை ஒருவர் கேட்கலாம். சண்டையில்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் தையல்கடை வைத்திருக்கும் அண்ணனும் அண்ணியும் நம் சங்கத் திரையிடலுக்கு வந்தார்கள். படம் ‘வால்-ஈ’, 2008இல் வந்தது. குப்பை மேடாகிப்போன பூமியில் தனியாகக் குப்பை அள்ளும் ஒரு குட்டி ரோபோ, வானத்திலிருந்து வந்து இறங்கும் ஈவ் என்கிற இன்னொரு ரோபோ. வெகுநேரம் வசனமே கிடையாது. “இங்கிலீஷ் படமாம், நமக்கெதுக்கு?” என்று அண்ணி வாசலிலேயே தயங்கினார். அண்ணன், “வந்ததுக்கு ஃபேன் காத்துலயாவது உக்காருவோம்” என்று கூட்டிக்கொண்டு வந்தார். ஈவ் செயலற்று நின்றுவிடும் கட்டம் வந்தது. இவன் அவளுக்குச் சீரியல் பல்பு சுற்றி, படகில் உட்காரவைத்து ஊர்கோலம் போகிறான். மழை வருகிறது, குடை பிடிக்கிறான். இடி அவன் தலையில் விழுகிறது, குடையை விடவில்லை. அண்ணி திரும்பி, அரங்கமே கேட்கும்படி, “பாத்தீங்களா? ஒரு தகர டப்பாவுக்கு இருக்கிற அக்கறை!” என்றார். சிரிப்பு அடங்க நேரமானது. அண்ணன் வாயே திறக்கவில்லை. கடைசியில் அவன் ஈவை அடையாளம் தெரியாமல் வெறித்துப் பார்ப்பான் பாருங்கள், அப்போது அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். விளக்கு போட்ட பிறகும் விடவில்லை! மறுவாரம் முழுக்க, கழுத்தில் டேப் தொங்க, அளவு கொடுக்க வந்தவர்களுக்கெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர்கள் ஒன்றாக ரசித்தது எதனால்? அங்கே மொழி குறுக்கே நிற்கவில்லை. இதே ஜோடிக்கு ‘ஹெர்’ போட்டால் என்ன ஆகும்? 2013 படம். ஒரு மனிதன், அவன் காதலிக்கும் கணினிக் குரல். காதலிக்கு உருவமே கிடையாது, எல்லாம் பேச்சு. மக்கோட்டோ ஷின்காய் இயக்கிய ‘யுவர் நேம்’, 2016 ஜப்பான் படம். நாயகனும் நாயகியும் ஒருவரை ஒருவர் மறந்துவிடாமலிருக்க உள்ளங்கையில் பெயர் எழுதிக்கொள்கிறார்கள். பிறகு அவள் கையை விரித்துப் பார்க்கிறாள். அங்கே பெயர் இல்லை, “உன்னைப் பிடிச்சிருக்கு” என்று இருக்கிறது. படத்தின் உயிரே அந்த இடம்தான். அந்த நொடியில் மனைவி “என்னங்க எழுதியிருக்கு?” என்று கேட்க, கணவன் விளக்க, காட்சி போய்விடுகிறது. இருவரில் ஒருவர் பார்வையாளர், மற்றவர் மொழிபெயர்ப்பாளர். ஒரு கை தட்டினால் ஓசை வராது, நண்பர்களே!

அதனால்தான் வெளிநாட்டுப் படம் எதுவானாலும் தமிழில் வசனவரிகள், அதாவது சப்டைட்டில், வேண்டும் என்று விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன். டப்பிங் போதாது. நடிகரின் சொந்தக் குரல் காதில் விழ வேண்டும், பொருள் தமிழில் கண்ணில் பட வேண்டும். காது கேளாதவர்களும் ஜோடியாகப் படம் பார்க்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ்ப் படத்துக்கே தமிழ் வரி தேவை. 2024 மார்ச்சில் ஒன்றியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சகம், செவித்திறன், பார்வைத்திறன் குறைந்தோருக்காகத் திரையரங்குகளுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அது நடைமுறைக்கு வர நாம் கேட்க வேண்டும். கேட்காமல் வராது.

வாசலில் நூலகர் அம்மாவின் மேசையில் ஒரு மனு இருக்கிறது, படங்களை வாங்கி ஒளிபரப்பும் நிறுவனங்களுக்கு. இருவராக வந்தவர்கள் இருவரும் தனித்தனியாகக் கையெழுத்துப் போட வேண்டும். ஒருவருக்காக இன்னொருவர் போடக்கூடாது. வசனவரி எழுதிப் பழக விரும்பும் இளைஞர்கள் அங்கேயே பெயர் கொடுங்கள். வரிசை எண், நேரம், அதன் கீழ் இரண்டு வரி, அவ்வளவுதான் அதன் அமைப்பு. சாதாரண நோட்பேடிலேயே எழுதலாம். தமிழாசிரியர் ஐயா பிழை திருத்தித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். பேனா மேசையிலேயே இருக்கிறது. நன்றி, வணக்கம்.