அமெரிக்காவில் வருமான வரி போனால் யாருக்கு லாபம்?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் ஃபெடரல், அதாவது மத்திய அரசின், வருமான வரியை அடியோடு எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பேசச் சொல்லி அழைத்திருக்கிறார்கள். நான் நம்மவர்களுக்கும் மற்றவர்களுக்கும் டாக்ஸ் ஃபைல் செய்து கொடுத்துப் பிழைக்கிறவன். அந்த வரி போனால் என் பிழைப்பும் போகும், அதை மனதில் வைத்துக்கொண்டே நான் சொல்வதைக் கேளுங்கள்.

நேராகக் கணக்குக்கு வருகிறேன். கணவன், மனைவி, இரண்டு சின்னப் பிள்ளைகள், வீட்டுக்கு வரும் சம்பளம் வருடம் 65,000 டாலர். 2024ஆம் ஆண்டுக் கணக்கில் எல்லோருக்கும் பொதுவாக வரி போடாமல் விடும் கழிவு இவர்களுக்கு 29,200 டாலர், மிச்சமுள்ள 35,800க்கு வரி போட்டால் 3,832 டாலர் வரும். பிள்ளைக்கு 2,000 வீதம் 4,000 டாலர் சலுகை இருக்கிறதே, அதைக் கழித்தால் வரி பூஜ்யம், மேற்கொண்டு 168 டாலர் கையில் வேறு கிடைக்கும். இவர்களிடம் போய் "வருமான வரியை ஒழித்துவிட்டோம்" என்றால் என்ன சொல்வார்கள்? வந்துகொண்டிருந்த 168ம் போச்சு. அவர்கள் சம்பளத்தை உண்மையில் கடிப்பது சோஷியல் செக்யூரிட்டி (முதியோர் ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம். 7.65 சதவீதம், கிட்டத்தட்ட 4,970 டாலர். வேலை தருபவர் வருடா வருடம் கொடுக்கும் டபிள்யூ-2 சம்பளப் படிவத்தை எடுத்துப் பாருங்கள், 2ஆம் கட்டத்தில் இருப்பது வருமான வரி, 4லும் 6லும் இருப்பது இந்தப் பிடித்தங்கள். 2ஆம் கட்டத்தைக் காலி செய்தால் 4ம் 6ம் தானாகக் காலியாகிவிடாது.

இதே குடும்பம், ஆனால் இருவரும் ஐடி வேலை, சம்பளம் 3,00,000 டாலர் என்று வையுங்கள். வருமான வரி போனால் இவர்களுக்கு மிச்சமாவது ஏறத்தாழ 47,000 டாலர். நம் ஆட்கள் பலருக்கு இந்தப் பேச்சு ஏன் இனிக்கிறது என்று இப்போது புரியும், எனக்கும் அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, யார்தான் 47,000 டாலரை வேண்டாம் என்பார்கள்!

சரி, அரசாங்கத்துக்கு என்ன ஓட்டை விழும்? 2024 நிதியாண்டில் தனிநபர் வருமான வரியில் வந்தது சுமார் 2.4 லட்சம் கோடி டாலர், மொத்த வரவான 4.9 லட்சம் கோடியில் பாதி. அந்த வரி இருந்தபோதே 1.8 லட்சம் கோடி பற்றாக்குறை. "1913க்கு முன்னால் வருமான வரி இல்லாமல் நாடு நடக்கவில்லையா?" என்று கேட்பார்கள். நடந்தது, சுங்க வரியிலும் சாராயம், புகையிலை மீதான வரியிலும் நடந்தது. ஆனால் அன்றைக்கு ஃபெடரல் அரசின் செலவு நாட்டு உற்பத்தியில் 2 சதவீதம் அளவுதான், இன்றைக்கு 23 சதவீதம் போல. முதியோர் ஓய்வூதியம், மெடிகேர், ஏழைகளுக்கான மருத்துவ உதவியான மெடிகெய்ட் எதுவும் அப்போது கிடையாது. உள்நாட்டுப் போருக்காகப் போட்ட வருமான வரியை 1872இல் எடுத்தார்கள், 1894இல் மறுபடி கொண்டுவந்ததை அடுத்த வருடமே உச்ச நீதிமன்றம் தள்ளியது, அதனால்தான் 1913இல் அரசியலமைப்பில் 16ஆவது திருத்தமே தேவைப்பட்டது. அதற்கும் ஒரு காரணம் உண்டு. சுங்க வரி ஏழை விவசாயி வாங்கும் கம்பளியிலும் கருவியிலும் விழுகிறது, பணக்காரனின் பங்கு வருமானத்தைத் தொடவில்லை என்ற கோபம். அன்று ஒற்றை ஆளுக்கு 3,000 டாலருக்கு மேல் போனால்தான் வரி, அதுவும் 1 சதவீதத்தில்தான் ஆரம்பம்.

டிரம்ப் 2024 தேர்தல் சமயத்தில் சுங்க வரியை வைத்தே வருமான வரியை எடுக்கலாம் என்று பேசினார். அந்த வருடம் சரக்கு இறக்குமதி சுமார் 3.3 லட்சம் கோடி டாலர். இறக்குமதி ஒரு டாலர்கூடக் குறையாது என்று வைத்தாலும் எல்லாப் பொருளுக்கும் சராசரியாக 70 சதவீதத்துக்கு மேல் வரி போட வேண்டும். அவ்வளவு போட்டால் யார் இறக்குமதி செய்வார்கள்?

இன்னொரு யோசனை, 1999 முதல் நாடாளுமன்றத்தில் திரும்பத் திரும்ப வைக்கப்படும் ஃபேர்டாக்ஸ் மசோதா. வருமான வரி, சம்பளப் பிடித்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு 23 சதவீத விற்பனை வரி. அந்த 23ஐ எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்று பாருங்கள். 77 டாலர் பொருளுக்கு 23 டாலர் வரி சேர்த்து 100 வாங்கினால் அதை 23 சதவீதம் என்கிறார்கள், நாம் கடையில் போடும் கணக்குப்படி அது 30 சதவீதம். ஏழைகள் மீது சுமை விழாமலிருக்க எல்லாக் குடும்பங்களுக்கும் மாதாமாதம் ஒரு தொகை முன்கூட்டியே கொடுப்பதாகவும் அதில் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. இருந்தாலும் சம்பளம் முழுவதையும் செலவழித்தே தீரவேண்டிய நடுத்தரக் குடும்பத்தின் மீதும், பாதியைச் சேமிக்க முடிகிற வீட்டின் மீதும் இது ஒரே மாதிரி விழாது.

மாநிலங்களில் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அலாஸ்கா 1980இல் வருமான வரியை எடுத்தது, எண்ணெய்ப் பணம் இருந்தது. டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை, ஆனால் டாலஸ் பக்கம் வீடு வாங்கியவர்களிடம் சொத்து வரி பில்லைக் காட்டச் சொல்லுங்கள். கன்சாஸ் 2012இல் வருமான வரியைப் பெரிதாகக் குறைத்து, சிறு தொழில் வருமானத்துக்கு வரியே இல்லை என்றது. வரவு சரிந்தது, பள்ளிகளுக்கும் சாலைகளுக்கும் பணம் இழுபறி, கடைசியில் 2017இல் ஆளுநரின் சொந்தக் குடியரசுக் கட்சியே பெரும்பான்மையாக இருந்த சபை, அவருடைய வீட்டோவையும் மீறி அதைத் திருப்பியது.

அப்புறம், யாரும் பேசாத ஒன்று. வரி படிவம் வரி வாங்க மட்டும் இல்லை. 2020இல் கொரோனா காலத்து 1,200 டாலர் காசோலை வரித்துறையான ஐஆர்எஸ் வழியாகத்தான் போனது, கல்லூரி உதவித்தொகைக்கு அதே படிவத்து விவரம், குறைந்த சம்பளக்காரருக்கு இரண்டு பிள்ளை இருந்தால் 2024 கணக்கில் 6,960 டாலர் வரை போன சலுகையும் அதில்தான். கலிஃபோர்னியா, நியூயார்க் மாநில வரி கணக்கே ஃபெடரல் படிவத்து எண்ணிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அது போனால் ஒவ்வொரு மாநிலமும் புதிதாக ஒன்றைக் கட்ட வேண்டும்.

விற்பனை வரி வந்தால் முதலில் சண்டைக்கு வரப்போகிறவர்கள் ராத் என்ற ஓய்வுக்கால சேமிப்புக் கணக்கு வைத்திருக்கும் ஓய்வு பெற்றவர்கள். வரி கட்டிய பணத்தைப் போட்டு வைத்தார்கள், இனி செலவழிக்கும்போது மறுபடியும் வரி. இன்னொரு பயமும் எனக்கு உண்டு. 16ஆவது திருத்தத்தை நீக்க இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கும், 38 மாநிலங்களின் ஒப்புதலும் வேண்டும். அது நடக்காமல் விற்பனை வரி மட்டும் வந்துவிட்டால் ஐரோப்பாவில் போல இரண்டையும் கட்ட வேண்டியதுதான். ஃபேர்டாக்ஸ்காரர்களுக்கே இந்தப் பயம் இருக்கிறது, 7 வருடத்துக்குள் திருத்தம் நீங்காவிட்டால் விற்பனை வரி ரத்து என்று மசோதாவிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.