டயரில் ஓட்டை போட யார் வருகிறீர்கள்?

(பள்ளியில் விளையாட்டுத் திடல் அமைக்கும் வேலைக்கு முந்தின நாள் மாலை, தன்னார்வலர்களிடம் பேசியதன் எழுத்து வடிவம்.)

தலைவர் ஐயாவுக்கும், தலைமையாசிரியை அம்மாவுக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு வரப்போகும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

வேப்பமரத்தடியில் அடுக்கியிருக்கும் டயர்களைப் பார்த்திருப்பீர்கள். மொத்தம் 42. பஞ்சர் கடைகளிலும் லாரிப் பட்டறையிலும் கேட்டு வாங்கியவை. பழைய டயரில் விளையாட்டுத் திடல் என்பது நாம் கண்டுபிடித்ததல்ல. பெங்களூரின் ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ் அமைப்பினர் பல மாநிலங்களில் தன்னார்வலர்களைச் சேர்த்துக்கொண்டு இதைச் செய்து வருகிறார்கள்.

சற்று முன் பெயின்ட் அடிக்க யார் வருகிறீர்கள் என்று கேட்டேன். 19 கைகள் உயர்ந்தன. டயரில் ஓட்டை போட யார் என்றேன். இரண்டே கை. அதில் ஒன்று எலக்ட்ரீசியன் அண்ணனுடையது. ட்ரில்லிங் மெஷினை அவர் வேறு யாரிடமும் தரமாட்டார் என்பதால் தூக்கிய கை அது.

அந்த ஓட்டை எதற்கு? டயரை நட்ட பிறகு எந்தப் பக்கம் தாழ்ந்திருக்குமோ, அங்கே மூன்று நான்கு ஓட்டைகள் வேண்டும். படுக்கவைக்கும் டயர் என்றால் அடிப்பக்கம் சுற்றிலும். இல்லாவிட்டால் ஒரு மழை போதும், உள்ளே தண்ணீர் நின்றுவிடும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நிழலும் தேங்கிய தண்ணீரும் இருந்தால் போதும், டயருக்குள் இரண்டும் உண்டு. முட்டை கொசுவாகப் பத்து நாள்கூட ஆகாது. தண்ணீர் வற்றினாலும் ஓரத்தில் ஒட்டிய முட்டை மாதக்கணக்கில் கிடந்து அடுத்த மழையில் பொரிக்கும். விளையாட இடம் கொடுக்கப்போய்க் காய்ச்சலைக் கொடுத்த பாவம் நமக்கு வேண்டாம்.

அப்புறம், ரேடியல் டயருக்குள் இரும்புக் கம்பி இருக்கும். தேய்ந்த இடத்தில் அது ஊசிபோல நீட்டிக்கொண்டிருக்கும். கையால் தடவிப் பார்க்காதீர்கள். பழைய வேட்டித் துணியால் தடவுங்கள். துணி எங்காவது மாட்டினால் அந்த டயர் வெளியே.

இதெல்லாம் எங்களுக்கு ஆரம்பத்திலேயே தெரிந்துவிடவில்லை. நாங்கள் அமைத்த முதல் திடலில் தகரச் சறுக்கு மரம் ஒன்று வைத்தோம். சிவப்பும் மஞ்சளுமாகப் பெயின்ட், பலூன், போட்டோ எல்லாம் ஆயிற்று. ஒரு மாதம் கழித்து, பள்ளி விடும் நேரத்தில் போய்ப் பார்த்தேன். மேற்குப் பார்த்து வைத்திருக்கிறோம்! நாலு மணி வெயிலில் தோசைக்கல்லாகக் கொதிக்கிறது. ஒரு பையன் சாக்கை விரித்துச் சறுக்கப் பார்த்தான், சாக்கு நகரவில்லை. மற்ற பிள்ளைகளெல்லாம் எங்கே? கட்டட வேலையில் மிச்சமான செங்கல்லையும் மண்ணையும் வைத்துப் பின்பக்கம் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள்.

டென்மார்க்கில் சோரன்சன் என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர் இதை நமக்கு வெகுகாலம் முன்பே கவனித்துவிட்டார். அவர் அழகாக அமைத்த திடல்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டடம் கட்டும் இடங்களில் போய் விளையாடினார்கள். சரி, அதையே கொடுத்துவிடலாம் என்று 1931-இல் எழுதினார். 1943-இல், ஜெர்மானியப் படை நாட்டைப் பிடித்துவைத்திருந்த காலத்தில், கோபன்ஹேகனின் எம்ட்ரப் பகுதியில் அப்படி ஒரு திடல் திறந்தது. பலகை, கல், மண், சுத்தியல், ஆணி. கட்டியவர்கள் பிள்ளைகள். கூட இருந்து பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர். தன் வேலைகளிலேயே அவலட்சணமானது அதுதான், ஆனாலும் தனக்கு அதுதான் அழகு என்றாராம் சோரன்சன். போட்டோவுக்காகச் சறுக்கு மரம் வைத்த எனக்கு இதைப் படித்தபோது சுருக்கென்றது.

அதனால்தான் போன வாரம் இந்தப் பிள்ளைகளிடமே கேட்டோம். ஊஞ்சல் என்றார்கள், சுரங்கம் என்றார்கள். ஐந்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி மட்டும் எழுந்து, “பெரிய பசங்க கிரிக்கெட் ஆடாத ஒரு மூலை வேணும் சார்” என்றாள். நம் வரைபடத்தில் அந்த மூலையே இல்லை. இப்போது இருக்கிறது: கிணற்றடிப் பக்கம், நடுவே அரைவாசி புதைத்த டயர் வரிசை வேலியாக. உள்ளே பாண்டிக் கட்டம். கட்டத்தை அவர்களே போட்டுக்கொள்வார்களாம், நாம் போட்டால் கோணலாகிவிடுமாம்.

ஊஞ்சலுக்குக் கீழே ஓரடி ஆழத்துக்கு மணல் வேண்டும், சிமென்ட் தரை கூடவே கூடாது. போல்ட்டின் முனை வெளியே நீட்டாமல் உட்பக்கம் திரும்பியிருக்கட்டும்.

காலை ஆறரைக்கு வந்துவிடுங்கள். பொங்கலும் வடையும் எட்டு மணிக்கு. மத்தியானம் வரை பெயின்ட் டப்பாவை யாரும் திறக்க வேண்டாம். கை தூக்கிய 19 பேரில் பத்துப் பேர் ஓட்டைப் பக்கம் வாருங்கள். மெஷினை விட்டுத்தரும்படி அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.