வலி கன்னத்தில், காரணம் கழுத்தில்

வணக்கம் நேயர்களே. பின்னால் வந்த வண்டி மோதி, கழுத்து ஒரு வெட்டு வெட்டி இழுபட்ட சில நாளில் சிலருக்குக் கன்னமும் கண்ணைச் சுற்றியும் வலிக்கத் தொடங்கும். பல்தான் காரணம் என்று நினைத்து நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்ளாதீர்கள். முகத்தின் உணர்வைச் சுமக்கும் ஐந்தாவது மூளை நரம்பும், கழுத்தின் மேல் 3 நரம்புகளும் தண்டுவடத்தின் உச்சியில் ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. அதனால் கழுத்திலிருந்து வரும் வலியை மூளை முகத்து வலியாக உணர்கிறது. தாடை மூலையின் தோலுக்கோ உணர்வு தருவதே கழுத்து நரம்புதான்.

கழுத்தைத் திருப்பும்போது முகவலி கூடினால், பிடரியில் மண்டையோட்டின் அடியை அழுத்தும்போது அதே வலி வந்தால், கழுத்தைச் சந்தேகிக்கலாம். முகம் கழுவும்போது ஷாக் அடித்ததுபோல் சில விநாடி வெட்டினால் அது வேறு நோய். நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள்.

இமை தொங்குவது, ஒரு கண்மணி சிறுத்திருப்பது, இரட்டைப் பார்வை, பேச்சுக் குழறல், விழுங்க முடியாமை, முகம் மரத்துப்போவது: இவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்து ரத்தக்குழாயின் உட்சுவர் கிழிந்திருக்கலாம். பயிற்சி எதுவும் வேண்டாம், உடனே அவசரச் சிகிச்சைக்குப் போங்கள். சலூனில் கழுத்தைச் சொடுக்கெடுப்பது இந்த நிலையில் உயிருக்கே ஆபத்து.

எலும்பு முறிவு இல்லையென மருத்துவர் உறுதி செய்த பிறகே பயிற்சி. மல்லாந்து படுங்கள்; தலைக்கடியில் மடித்த துண்டு ஒன்று. தலையைத் தூக்காமல், "ஆமாம்" என்பதுபோல மோவாயை மிக மெதுவாக உள்ளே சாய்த்து அப்படியே வைத்திருங்கள். இலக்கு 10 விநாடி, 10 தடவை. தொடக்கத்தில் 3 விநாடிகூடப் போதும். முன்கழுத்தில் தசை கயிறுபோலப் புடைத்தால் வேலை செய்வது மேல்தசை. வலுப்பெற வேண்டியது அதற்கடியிலுள்ள ஆழ்தசை. அங்கேதான் பலரும் தவறுகிறார்கள். விசையைப் பாதியாகக் குறையுங்கள். பிசியோதெரபிஸ்ட்டிடம் கழுத்துக்கடியில் வைத்து அழுத்தத்தை அளக்கும் காற்றுப்பை இருந்தால், 20 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் தொடங்கி, இரண்டிரண்டாக 30 வரை ஏற்றுவார்.

தாடையையும் கவனியுங்கள். வலியில் பல்லைக் கடிக்கும் பழக்கம் முகத் தசையை இறுக்கிவிடும். உதடு மூடி, பற்கள் ஒட்டாமல், நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் இருக்கட்டும்.

முறிவு இல்லாதவர்கள் கழுத்துப் பட்டையை வாரக்கணக்கில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டாம், தசை பலவீனமாகும். பயிற்சிக்குப் பின் வரும் வலி மறுநாளைக்குள் அடங்கினால் தொடருங்கள். அடங்காவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், பயிற்சியை அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.